காஸ் ஏறாத பியர்

பீப்பாவைத் திறக்க வேண்டாம் என்று நிரூபா மறுபடியும் சொன்னபோது மாமனாரின் முகம் கறுத்துவிட்டது.

"இன்னும் காஸ் ஏறேல்லை, மாமா."

"விசர்க்கதை கதைக்காதை பிள்ளை. உவன் எப்பவோ மூடி வைச்சிருப்பான்."

அன்று அவள் புருஷன் துஷாந்தின் எட்டுச்செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் ஆக்கிப் படைக்கிற சடங்கு. மேலே அவன் படத்துக்கு முன்னால் இறால் பொரியலும் ஆட்டிறைச்சிக் கறியும் ஆறிக்கொண்டிருந்தன. இல்லாத குறை, அவன் தன் கையால் செய்த பியர் மட்டுந்தான்.

பியரைக் குளிரவைத்துச் சிலிண்டரால் காஸ் ஏற்ற, பேஸ்மென்றில் பிரிட்ஜுக்கு இடமில்லை. அதனால் துஷாந்தின் முறை வேறு. வாளியில் பொங்கி அடங்கிய பியரைப் பீப்பாவுக்கு மாற்றும்போது அளவாய்ச் சீனி காய்ச்சிச் சேர்ப்பான். இறுக்கி மூடி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைப்பான். உள்ளே ஈஸ்ட் சீனியைத் தின்று காஸ் கக்கும். வெளியேற வழியில்லாத காஸ் பியருக்குள்ளேயே கரைந்துபோகும்.

மூன்று கிழமைக்குத் தொடக்கூடாது. தொட்டால் அது பியரில்லை, கழுநீர் என்பான்.

ஃபேர்னஸ் அறைக்குள் ஒருவர் திரும்பவே இடம் போதாது. நிரூபாவின் முதுகு சூடான தகரத்தில் முட்டியது. முன்னால் மாமனார். வாசலை அடைத்துக்கொண்டு தியாகலிங்கம் சித்தப்பா.

"மருமகள் தனக்கெண்டு ஒளிக்கிறா போலை, அண்ணை," என்று சித்தப்பா சிரித்தார்.

அவள் கம்பளியிலிருந்து கையை எடுத்தாள்.

மாமனார் குழாயை அமத்தினார். நுரை வரவில்லை. பால் விடாத பிளேன்ரீ போல ஒழுகி கிளாஸ் நிறைந்தது.

ஒரு வாய் குடித்தார். விழுங்கச் சுணங்கியது.

"சீனி போட மறந்திட்டான்," என்றார். "சின்னனிலயிருந்து உப்பிடித்தான். ஒண்டையும் முழுசாச் செய்யமாட்டான்."

சித்தப்பா தலையை ஆட்டினார்.

செத்த நாளிலிருந்து ஒருவரும் துஷாந்தை ஒரு குறை சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். அவனுக்காகப் பேச ஒருத்திதான் மிச்சம்.

அவள் வாயைத் திறந்தாள்.

மேலேயிருந்து, பிக்கரிங்கிலிருந்து வந்த சனத்துக்கு துஷாந்தின் தாய் யோகராணி மாமி சொல்வது படிவழியே இறங்கி வந்தது.

"பிள்ளையை எரிக்குமட்டும் இந்த வீட்டிலை ஒரு அடுப்பும் மூட்டேல்லை. தேத்தண்ணி கூட வெளியிலயிருந்துதான் வந்தது. முறை தவறாமல் அனுப்பி வைச்சிட்டம்."

அதைச் சொல்லும்போது மட்டும் மாமியின் குரல் உடைவதில்லை.

நிரூபா வாயை மூடிக்கொண்டாள்.

துஷாந்த் வேலையிடத்தில் விழுந்து செத்த அன்று பியர் இன்னும் வாளியில்தான் கிடந்தது. மறுநாள், அவன் பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையில் குளிர்ந்து கிடக்க, மேலே எல்லோரும் யாரோ கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, இங்கே கீழே, சின்ன அடுப்பை மூட்டிச் சீனியைக் காய்ச்சி, பியரோடு பீப்பாவில் ஊற்றி மூடியவள் அவள்.

அவன் சொல்லித் தந்த அளவில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.