எவளுக்கு வாங்கின கட்டில்?

"அவ பேரைச் சொல்லுங்க, அப்பறம் கையெழுத்துப் போடறேன்" என்று பேனாவைத் தள்ளி வைத்தாள் கயல்விழி. எதிரே பேங்க் மேடம் உட்கார்ந்திருக்கிறாரே என்ற கூச்சம்கூட அவளுக்கு இல்லை.

பக்கத்தில் இருந்த அவள் புருசன் வளவன் தலையைக் குனிந்துகொண்டான். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவன், நாள் முழுக்கப் போனில் கத்துகிறவன். இன்றைக்கு விண்ணப்பத்தின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தான்.

வீட்டுக் கடன் கேட்டு வந்த இடம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கடன். மனைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் கிரயம் முடிக்காவிட்டால் மனையும் போச்சு, முன்பணமும் போச்சு.

அந்த நேரம் பார்த்து சிபில் ரிப்போர்ட்டில் பன்னிரண்டு வருடப் பழைய பாக்கி ஒன்று தலையை நீட்டியது. 'வீட்டுச் சாமான் கடன்.' வளவன் கட்டி முடித்ததுதான். வசூலுக்கு வந்தவன் கடைசித் தவணைகளைக் கணக்கில் ஏற்றவில்லை, கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியையும் எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள்.

ஆட்சேபணை போட்டால் எடுத்துவிடுவார்கள் என்று மேடம் தைரியம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஆட்சேபணையில் எழுத வேண்டும், என்னென்ன சாமான் என்று கேட்டார். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் என்று இவனும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான்.

கயல்விழிக்குப் பொசுக்கென்று பற்றிக்கொண்டது. கடன் வாங்கிய தேதியைப் பார்த்தாள். அவளுக்கும் அவனுக்கும் நிச்சயமாகி, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த மாதம் அது.

அப்போது அவன் ஆபீஸ் மாடியில் பாய் விரித்துப் படுத்தவன். அவனுக்கு எதற்குக் கட்டில்? எவளையோ குடிவைத்திருக்கிறான். கல்யாணம் கூடி வந்ததும் சாமான் வாங்கிக் கொடுத்து அவள் வாயை அடைத்திருக்கிறான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கையெழுத்துப் போடாமலே எழுந்து வந்துவிட்டாள். வீட்டிலும் விடவில்லை. கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அடுப்பைப் பற்ற வைக்காமல் கிடந்து பார்த்தாள்.

"அதை மட்டும் கேக்காத புள்ள. வாக்குக் குடுத்திருக்கறேன்" என்றான் வளவன்.

வாக்கு வேறா! கட்டின பெண்டாட்டியைவிட அவளுக்குக் கொடுத்த வாக்கு பெரிதாகப் போய்விட்டது.

அதன்பிறகு எந்நேரமும் அந்த முகம் தெரியாதவள் நினைப்புத்தான். சிவப்பாக இருப்பாளோ? முடி இடுப்புக்குக் கீழே தொங்குமோ? பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள் கயல்விழி. அந்தச் சக்களத்தி இந்நேரம் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பாள் என்று தோன்றியதும் ஆற்றமாட்டாமல் நாலு சேலையை உருவிப் பையில் திணித்து, பீரோவை அறைந்து சாத்தினாள்.

பரமத்தி வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கொடிக்காலுக்கே போய்விட்டாள். அவள் அப்பா சுப்பையன் அங்கே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினவனோடு இனி வாழ முடியாது, கையெழுத்தும் கிடையாது, மனை போனால் போகட்டும் என்றாள். ஊர் பார்க்கச் சீர் செய்து கட்டிக்கொடுத்த அப்பாவையே ஏமாற்றிவிட்டானே என்று மூக்கைச் சிந்தினாள்.

"நீங்களே உங்க மாப்பளயக் கூப்புட்டுக் கேளுங்கப்பா. கட்டிலும் பீரோவும் எவளுக்கு வாங்குனாருன்னு."

சுப்பையன் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"மாப்பள ஒண்ணுமே சொல்லலியா அம்மிணி?"

"எப்படிச் சொல்லுவாரு? அவளுக்குத்தான் வாக்குக் குடுத்திருக்கறாராமா."

"அவளுக்கு இல்ல, எனக்குக் குடுத்த வாக்கு அது" என்றார் சுப்பையன். "அந்த வருசம் கொடிக்கால் பூராவும் அழுகிப்போச்சு. என்ற கையில சல்லிக்காசு இல்ல."

கயல்விழி விளங்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பள வாங்குன அந்தச் சாமானத்தான், உன்ற சீருன்னு நான் லாரியில கொண்டாந்து எறக்குனேன் சாமி."