கோபமா, பயமா?

வெளிநாட்டு போன் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு இயந்திரமே பதில் சொல்லிவிடும். கத்துகிறவரின் மனநிலைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று அது தடுமாறினால் மட்டும், அந்த அழைப்பின் பதிவு தூத்துக்குடியில் வேலை பார்க்கும் செலஸ்டினாவின் திரைக்கு வரும்; கேட்டுவிட்டு அவள் ஒரு சொல்லை அழுத்த வேண்டும்.

இன்று ஒரு முதியவரின் கத்தலுக்கு இரண்டு சொற்கள் வந்தன. 'பிஸ்டு ஆஃப்' என்றால் கோபம். அதை அழுத்தினால், திட்டியதற்குத் தண்டனையாக அவர் போன் ஒரு நாள் முடங்கும். 'ஃப்ரீக்ட் அவுட்' என்றால் பயம்; யாராவது ஒரு மனிதர் உடனே அவரோடு பேசுவார்.

வசவைக் கேட்கப் பிடிக்காமல், செலஸ்டினா பாதியிலேயே கோபத்தை அழுத்திவிட்டாள்.

"நல்லா வேணும். என்னா பேச்சு பேசுதான்!" என்றாள் பக்கத்து இருக்கை மாரிச்செல்வி.

ஆனாலும் மனம் உறுத்தியது. மீதியைப் போட்டுக் கேட்டாள். மனைவிக்கு ஆபரேஷன் நடக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பார்கள், நடக்கமுடியாத எனக்கு இந்த போன்தான் கதி, இதற்கு அழைப்பே வருவதில்லை, லைனைச் சரிசெய்யுங்கள் என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அழுத்தியதை மாற்ற வழியில்லை; முடங்கிய போனுக்குக் கம்பெனியிலிருந்து மட்டுமே அழைக்க முடியும். அவர் சொன்ன ஆஸ்பத்திரியை செலஸ்டினாவே கூப்பிட்டு விசாரித்தாள்.

"ஏட்டி, வேலை போயிரும்!"

"போட்டும்க்கா."

பிறகு முதியவரை அழைத்து, அவர் மனைவி கண்விழித்துவிட்டதைச் சொன்னாள். அவர் விம்மி அழுதார். "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, மகளே," என்றார்.



"ஐயா, உங்கள் போனை நிறுத்தியது நான்தான்," என்றாள்.