கிருமி வந்த வழி

மருந்துக்கடைப் பரிசோதனை இயந்திரத்தின் குழாயில் செவந்தி ஊதினாள். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான கிருமி யாரிடமிருந்து தொற்றியது என்பதையும் இயந்திரம் சீட்டில் அடித்துக் கொடுத்தது: கீழத்தெரு வேதமுத்து.

"அவன் தட்டுலயாடி தின்ன?" அண்ணன் மருதையன் அவளை எட்டி உதைத்துவிட்டு அரிவாளோடு ஓடினான். வாய்க்கால் மேட்டில் வேதமுத்துவின் வயிற்றைக் கிழித்துப் போட்டான்.

மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்தவனுக்கும் வயிறு எரிந்தது. அவன் ஊதினான். சீட்டைச் செவந்திதான் உரக்க வாசித்தாள்: "தங்கை வழியாக வந்தது, வேதமுத்துவின் கிருமி."

மருதையன் ஓங்கரித்தான்.

"என் தட்டுலருந்து பிடுங்கித் தின்னவன்தானண்ணே நீ. பதினாலு நாள் மாத்திரை போடு, இதையும் கொன்னுரலாம்."

அவள் தன் மாத்திரைகளில் ஒன்றைக்கூட இன்னும் விழுங்கவில்லை. எரியும்போதெல்லாம் வயிற்றின்மேல் மெல்லக் கைவைத்துக்கொள்வாள்.