பகடைத் தூசி

விளையாட்டுப் பகடைகளை ஆசையாகச் சேர்க்கிறவர்களுக்காக ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த பகடைகளை உரசி மெருகேற்றுவது அவர் வேலை. மூக்கு, தொண்டை எல்லாம் தூசி.

"முதலாளி, ஒரு மாஸ்க் வாங்கிக் குடுங்க. நெஞ்சு அடைக்குது."

"எதிர்க் கம்பெனிக்காரன் நம்ம டிசைனத் திருடி விக்கிறான். எனக்கு அந்தத் தலைவலியே போதும்." முதலாளி செல்போனை நீட்டினார். "நல்லா இருமுங்க, ஒரு போட்டோ."

"எதுக்கு?"

"மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி நாலு பேர்கிட்ட காட்டத்தான். பாக்கிறவனுக்கு மனசு இளகணும்ல?"

மனுஷன் நம்பினார். இல்லாத இருமலையும் சேர்த்து இருமினார்.

மாஸ்க் வரவில்லை. நாலாம் நாள், அந்த எதிர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள்தான் அழுதுகொண்டு வந்தாள்.

"எங்க கம்பெனிய மூடிட்டாங்கப்பா. மாஸ்க் இல்லாம ஆளுங்கள வதைக்கிறோம்னு எவனோ படம் போட்டுட்டான். ஒரு ஆர்டர்கூட மிஞ்சல."

"உங்க கம்பெனிலதான் எல்லாருக்கும் மாஸ்க் உண்டே! அதுக்குத்தானே உன்னை அங்க சேர்த்தேன்?"

"யாரு நம்புறா?" செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். "முகமெல்லாம் தூசி. ஊருக்கு அடையாளம் தெரியல. எனக்குத் தெரியாதாப்பா?"

அவர் செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க முதலாளி ஆள் அனுப்பினார்ப்பா. நாளையிலிருந்து உங்க பக்கத்துல உக்காந்து நானும் உரசணுமாம்."