சனிக்கிழமை வியாதி

"இன்னிக்கு என்ன வியாதிடி?" என்று கேட்டாள் அக்கா.

தலை வாரிக்கொண்டிருந்த தங்கையின் கையில் சீப்பு அப்படியே நின்றது. காலையிலிருந்து அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். தூக்கமின்மை ஆகிவிட்டது. ஒற்றைத் தலைவலி, படபடப்பு, முழங்கால் வலி, அஜீரணம் எல்லாம் ஆகிவிட்டன. போன வாரம் ஞாபக மறதி. இனி உடம்பில் மிச்சம் இருப்பவை காதும் பல்லும்தான். பல்வலிக்குப் போய் யாராவது கல் கேட்பார்களா?

தொடக்கத்தில் பொய் எதுவும் இல்லை. தையல் கம்பெனியில் நாளெல்லாம் வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் வைப்பவள் அவள். கடைத்தெருவில் அந்தக் கல் கடையின் கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. தேன் நிறத்தில் ஒன்று, மழைக்கு முந்தைய வானம் போல் ஒன்று, திருப்பத் திருப்ப உள்ளே ஒரு கீற்று வெளிச்சம் நகரும் புலிக்கண் கல் ஒன்று. எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு நோயைத் தீர்க்கும் என்று வாசல் பலகை சொன்னது. மாலை வகுப்புத் தேர்வுப் பயத்தில் அப்போது அவளுக்கு நிஜமாகவே தூக்கம் போயிருந்தது. உள்ளே போய், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற இளைஞனிடம் தூக்கத்துக்கு எந்தக் கல் என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தட்டின் மேல் குனிந்து வெகுநேரம் யோசித்தான். கடைசியில் ஓர் ஊதாக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அன்று இரவு அடித்துப் போட்டது போல் தூங்கினாள். கனவில் அவன் வந்தான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவளுக்கு வியாதிகள் ஆரம்பித்தன.

படபடப்புக்கு ரோஜா நிறக் கல். அதைச் சட்டைப் பைக்குள் வைக்க வேண்டும். முழங்காலுக்குப் பச்சைக் கல், அது காலுறைக்குள். அஜீரணத்துக்கு மஞ்சள் கல். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில். அவன் சொன்னதை அவள் ஒன்று விடாமல் செய்தாள். இல்லாத நோய்கள் எல்லாம் பூரணமாகக் குணமாயின.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவனுக்குக் 'கல் டாக்டர்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். தங்கையோ அவன் பெருமையைப் பேசி ஓய மாட்டாள். பணத்தைக் கையால்கூடத் தொட மாட்டானாம். மூலையில் கல் தேய்க்கும் பெரியவர்தான் வாங்கிப் போட்டுக்கொள்வாராம். விலை கேட்டாலும் அவரைத்தான் கைகாட்டுவானாம். அப்படி ஒரு மனசாம்.

"மனசெல்லாம் சரி," என்றாள் அக்கா. "வாரா வாரம் ஒரு நோயைச் சொல்லிக்கிட்டுப் போய் நிக்கிறியே, அவன் கண்ணுக்கு நீ பொண்ணாவா தெரிவ? நடமாடுற ஆஸ்பத்திரிடி நீ. ஆஸ்பத்திரியை எவன் கட்டிக்குவான்?"

தங்கைக்குத் திக்கென்றது. இந்தக் கோணத்தில் அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை. அவனைப் பார்க்க ஒரு நோய் வேண்டும். நோய் கூடக் கூட அவன் கிடைக்க மாட்டான். உண்மையைச் சொன்னால் புளுகுமூட்டை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் காலமெல்லாம் நோயாளியாகவே நிற்க வேண்டியதுதான். இன்று சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். துணைக்கு என்றாள், வேடிக்கை பார்க்கத்தான்.

வழியெல்லாம் தங்கை சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கைப்பைக்குள் கற்கள் கலகலத்தன. கால் தரையில் பாவவில்லை. அக்கா இரண்டு முறை அவளைப் பிடித்து இழுத்துச் சைக்கிள்களிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது.

அவன் கடையில்தான் இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர எழுந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். மறதிக்குக் கொடுத்த கல்லை மறக்காமல் வைத்துக்கொள்கிறாளா என்றும் கேட்டான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"பரவால்ல, கூச்சப்படாம சொல்லுங்க."

"நிஜமாவே ஒண்ணும் இல்லைங்க. தலைவலி இல்ல, முட்டிவலி இல்ல. மறதி சுத்தமா இல்ல. நீங்க இதுவரைக்கும் பேசினது அத்தனையும் ஞாபகம் இருக்கு. உங்களைப் பாக்கணும்னுதான் வாரா வாரம் ஒரு நோயைக் கிளப்பிக்கிட்டு வந்தேன்."

தேய்க்கும் சக்கரம் நின்றது. அவன் முகம் தட்டிலிருந்த பவளத்தைவிடச் சிவந்துபோயிற்று.  போச்சு, கோபம் வந்துவிட்டது என்று தங்கை அக்காவின் கையை இறுகப் பிடித்தாள். சின்னப் பெண், ஏதோ ஆசையில் செய்துவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்கா சமாதானம் சொல்லத் தொடங்கினாள்.

அவன் பரிதாபமாகப் பெரியவரைப் பார்த்தான். "ஐயா, நீங்களே சொல்லிடுங்களேன்."

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கடைக்காரன் நான்தாம்மா. வியாபாரம் ஆகுதேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இந்தத் தம்பி கண்ணாடிப் பெட்டிக்கு பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன். நீ முதல்ல வந்த அன்னிக்கு மாட்டின பல்பு நல்லாத்தான் எரியுது, ஆனா சனிக்கிழமை ஆனா வந்து அதையே கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்காரு."