ஊறுகாய் வைக்கும் இடம்

என் மனைவி பெரியநாயகி இறந்த பிறகு, அவளுடைய சமையல் குறிப்புகளை இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டேன். அதற்கான செலவை மலாக்காவில் சோபா கடை வைத்திருக்கும் மருதமுத்து ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு, தன் கடை விளம்பரம் நட்டநடுவில் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அப்படியே வைத்தேன்.

1998இல் டெலிபோன் லைனில் ஒரு படம் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். "ரசம் பார்க்க வந்தா சோபாதான் வருது அங்கிள்," என்று பக்கத்து வீட்டு தேவிஸ்ரீ சலித்துக்கொண்டாள். பார்க்க வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். விளம்பரத்தை எடுத்தாலோ பக்கத்தையே மூட வேண்டும்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், விளம்பரம் சிறியதாகி மேலே இடது ஓரத்தில் இருந்தது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எதையும் தொடவில்லை.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். மருதமுத்துவே போன் செய்தார்.

"ஓரத்துல வெச்சது நல்லதுதான் லா, மணியண்ணே. பேஜைப் பார்த்துட்டு கடைக்கு வர்றாங்க. எப்படி யோசிச்சீங்க?"

"நான் யோசிக்கல," என்றேன்.

நான் பரிமாறினால் ஊறுகாயை இலையின் நடுவில்தான் வைப்பேன். பெரியநாயகி அதை விரலால் இடது ஓரத்துக்கு நகர்த்திவிட்டுச் சாப்பிடுவாள்.

அவள் திதிக்குப் படையல் போட்டபோது, வேண்டுமென்றே ஊறுகாயை நடுவில் வைத்தேன். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தேன்.

திறந்தபோது ஊறுகாய் இடது ஓரத்தில் இருந்தது. நடுவிலிருந்து அதுவரை, ஒரு விரல் இழுத்த சிவப்பு எண்ணெய்க் கோடு.

கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு அந்த இலையின் முன்னாலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.