இரண்டே முக்கால் கிலோ

"கைய எடுங்க. மூணு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா?" முருகேஸ்வரி கணவரைத் தடுத்தாள்.

தாணுலிங்கத்துக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. முந்தாநாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதற்கே சிறுநீரில் ரத்தம் வந்தது.

"ஹார்பர்ல அம்பது கிலோ மூட்டை தூக்குனவன்ளா நான். பேரனத் தூக்க மாட்டனா?"

"மருமவன் வந்து தூக்கட்டும்."

"அவரு துபாய்லேருந்து வர நாளைக்கு ஆயிரும். இங்கன வேற ஆம்பள யாரு இருக்கா?" என்றவர் நர்ஸிடம் திரும்பினார். "எவ்வளவும்மா எடை?"

"ரெண்டே முக்கால் கிலோ, ஐயா."

"கேட்டியா? மூணுக்குக் கம்மிதான்."

முருகேஸ்வரி விலகி நின்றாள். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த பேரனை அவர் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார். அடிவயிறு சுரீரென்றது. காட்டிக்கொள்ளாமல் நடந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

முருகேஸ்வரி ஏறவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "குழிக்குள்ள நீங்க குனிஞ்சு வைக்காதீங்க. வெட்டுன ஆள்கிட்டயே குடுத்துருங்க."

தாணுலிங்கம் துணியை இழுத்துப் பேரனின் முகத்தை மூடினார்.

"தூக்கத்தாம்ளா கூடாதுன்னாரு. எறக்கி வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."